மண்ணின் சுருதி

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ஆம் தேதி காலை ஏழேகால் மணிக்குச் சற்று மேல், பசிபிக் சமுத்திரத்தின் கரையோரமாக, கோகோஸ் என்னும் கடலடிப் பாறைத்தட்டு மெக்ஸிகோ தேசத்தின் அடியில் சரிந்து புகுகிற இடத்தில், 8 என்ற அளவுள்ள பெரும் பூகம்பம் ஒன்று பிறந்தது. அது பிறந்த இடத்துக்கும் தலைநகரான மெக்ஸிகோ நகரத்துக்கும் இடையே 350 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். அத்தனை தூரம் ஓடிவரும் அலை களைத்து ஓய்ந்து, ஜன்னல் கதவுகளைச் சற்றே தட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். நகரத்தின் தென்பகுதியில், பழைய எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையான நிலத்தின்மேல் கட்டப்பட்டுள்ள தேசிய சர்வகலாசாலையில் அப்படித்தான் நடந்தது. அங்கிருந்த கருவி பதிவு செய்த உச்ச வேகமாற்றம் புவியீர்ப்பில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. ஆனால் அங்கிருந்து சில மைல் தள்ளி, போக்குவரத்து அமைச்சகத்தின் கட்டிட வளாகத்தில் வைத்திருந்த மற்றொரு கருவி நூற்றுக்குப் பதினேழு பங்கு என்று எழுதியது. பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிக அருகே, கடற்கரைப் பாறைமீது அமைந்த காலேட்டா டி காம்போஸ் என்னும் ஊரின் கருவி காட்டியதோ நூற்றுக்குப் பதினான்கு. அதாவது, அடி விழுந்த இடத்தில் பட்ட வலியைக் காட்டிலும் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பட்ட வலி அதிகம். அந்த நகரத்தில் மாண்டவர்கள் ஏறக்குறையப் பதினாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த விபரீதத்துக்குக் காரணம் நகரத்தின் அடியிலிருந்த சேறு. அஸ்டெக் மக்கள் 1325-ஆம் ஆண்டை ஒட்டி, டெக்ஸ்கோகோ என்னும் ஏரியின் நடுவிலிருந்த தீவில் டெனோச்டிட்லான் என்ற தங்கள் தலைநகரை நிறுவினார்கள். 1521-இல் அதைக் கைப்பற்றிய ஸ்பானியர், அதை இடித்த இடத்திலேயே தங்கள் நகரத்தை எழுப்பியதோடு நில்லாமல், பின்வந்த நூற்றாண்டுகளில் ஏரியையும் சிறுகச் சிறுக வடித்துவிட்டார்கள். தண்ணீர் போயிற்று, சேறு அப்படியே தங்கிற்று. எரிமலைச் சாம்பல் ஏரியில் படிந்து களிமண்ணாக மாறிய அந்தச் சேற்றில், உலர்ந்த மண் ஒரு கிலோ இருந்தால் அதனோடு கலந்திருக்கும் தண்ணீர் மூன்று கிலோவுக்கும் மேல் என்று சொன்னால், நம் ஊர்க் குயவர் மிதித்துப் பதப்படுத்திய மண்ணையே களிமண் என்று அறிந்தவர்கள் நம்பத் தயங்குவார்கள். சேறு என்பதைவிடக் கூழ் என்பதே அதற்குப் பொருந்தும்.

பூகம்பத்தின்போது நமக்குத் தீங்கு செய்வது பெரும்பாலும் குறுக்கலை. அது மேல்நோக்கி ஏறிவருகையில் நிலத்தைப் பக்கவாட்டில் அசைப்பது. கெட்டியான பாறையில் நொடிக்கு 2,000, 3,000 மீட்டர் ஓடும் இந்த அலை, மெக்ஸிகோவின் களிமண்ணில் நுழைந்ததும் நொடிக்குச் சுமார் 80 மீட்டராகத் தளர்ந்துவிடுகிறது. நடுக்கடலில் கண்ணுக்கே புலப்படாமல் வரும் அலை கரையை நெருங்கி வேகம் குறைந்ததும் தலைதூக்குவதை மெரினாவில் நின்று பார்த்த எவருக்கும் இதன் விளைவு விளங்கும்: வேகத்தில் குறைந்ததை அலை வீச்சில் ஈடுகட்டிக்கொள்கிறது. ஆனால் இது பாதிக் காரணமே. மேலே ஏறிய அலை நிலத்தின் முகத்தில் மோதித் திரும்புகிறது; கீழே போய்ப் பாறையில் மோதி, திசை தலைகீழாக மாறி மறுபடி மேலேறுகிறது; இவ்விதம் இரண்டுமுறை ஏறி இரண்டுமுறை இறங்கி, ஆக நான்கு தடவை மண்ணின் கனத்தைக் கடந்த பிறகுதான் அது தன் பழைய நிலையை அடைகிறது. ஆகவே மண்ணின் கனத்தை நான்கால் பெருக்கி அலையின் வேகத்தால் வகுத்தால் அந்த மண்ணுக்கு இயல்பான ஆட்டத்தின் காலம் கிடைத்துவிடும். போக்குவரத்து அமைச்சகத்தின் அடியில் களிமண்ணின் கனம் சுமார் 40 மீட்டர். நாற்பதை நான்கால் பெருக்கி எண்பதால் வகுத்தால் இரண்டு நொடி. 1985-இல் அங்கே கருவி எழுதிய கோடும் இரண்டு நொடிக்கு ஒருமுறை, ஏதோ நாட்டியக்காரியின் கால் தாளம் தவறாமல் விழுவதுபோல, ஏறி இறங்கியிருந்தது.

கட வித்துவான்கள் கச்சேரிக்குக் கடம் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு பானையையும் தட்டிப் பார்த்து அதன் சுருதியைக் கேட்பார்கள். மானாமதுரையில் ஒரே மண்ணில் ஒரே கையால் வனைந்தவையாயினும் ஒன்றின் சுருதி மற்றொன்றுக்கு இராது. நிலமும் அப்படித்தான். தூரத்திலிருந்து வந்த பூகம்ப அலையில் பலவிதமான ஆட்டங்கள் கலந்திருந்தன. மெக்ஸிகோவின் ஏரிப்படுகை அவற்றுள் தன் சுருதிக்கு இசைந்த இரண்டு நொடி ஆட்டத்தை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருக்கிற்று. அதற்குமேல் கட்டிடங்களின் முறை. மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்பது கட்டிடத்தின் இயல்பான ஆட்டத்துக்குப் பொறியாளர் வைத்திருக்கும் கைக்கணக்கு. அதன்படி இருபது மாடிக் கட்டிடங்கள் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? விழுந்தவையும் சிதைந்தவையும் பெரும்பாலும் ஆறிலிருந்து பதினைந்து மாடி வரை உள்ளவை. காரணம் விசித்திரமானது: ஆடத் தொடங்கிய கட்டிடம் விரிசல் கண்டதும் தளர்கிறது, தளர்ந்ததும் அதன் ஆட்டம் நீள்கிறது, ஒரு நொடியில் ஆடிக்கொண்டிருந்தது ஒன்றரை நொடியில் ஆடத் தொடங்குகிறது, இப்படித் தன் காயத்தினாலேயே அது மண்ணின் சுருதியை நோக்கி நகர்ந்து போய் மாட்டிக்கொள்கிறது. 1956-இல் முடிக்கப்பட்ட 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம் அதே சேற்றின்மேல் நின்று, 1957-இல் வந்த பூகம்பத்தையும் 1985-இல் வந்ததையும் கடந்துவிட்டது.

இவ்வளவையும் முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று துணிந்தவர்கள் கையாண்ட உபாயம் எளியது. நிலத்தினின்று ஒரு நெட்டுக்குத்தான தூணை மனத்தால் அறுத்தெடுத்து, அதைப் பல அடுக்குகளாக வகுத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் கனம், எடை, விறைப்பு ஆகியவற்றோடு, அலையின் சக்தியை உராய்வில் தேய்த்துவிடும் இயல்பாகிய தணிப்பையும் குறித்துக்கொண்டு, அடியிலுள்ள பாறையில் ஒரு பூகம்ப அசைவைக் கொடுத்தால் உச்சியில் என்ன நிகழும் என்று கணக்கிடுவது. அலை சாய்வாக வராதா என்று கேட்கலாம். ஆழத்திலிருந்து மேலே வர வர மண் மெத்தென்றாவதால், தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைவதுபோல அலையும் வளைந்து வளைந்து ஏறத்தாழ நேர்குத்தாகிவிடுகிறது என்பதால் தூண் போதுமானது. 1972-இல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்கிலிக் கிளையில் ஷ்னாபல், லைஸ்மர், போல்டன் சீட் ஆகியோர் வெளியிட்ட ‘ஷேக்’ என்னும் கம்ப்யூட்டர் நிரல் இந்தக் கணக்கை உலகமெங்கும் உள்ள பொறியாளரின் மேஜைக்குக் கொண்டுவந்தது.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. கடம் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் சுருதி மாறாது; மண்ணோ மாறும். மெல்ல அசைத்தால் விறைப்பாக நிற்கும் மண், பலமாக அசைத்தால் துவண்டுபோகிறது. துவளத் துவள அலையின் சக்தியை அதிகமாக விழுங்குகிறது. ‘ஷேக்’ இதற்கு ஒரு சமரசம் செய்துகொண்டது: முதலில் ஒரு விறைப்பை ஊகித்துக் கணக்கிடு, ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு கோணிற்று என்று பார், உச்சக் கோணலில் நூற்றுக்கு 65 பங்கை எடுத்துக்கொண்டு, பரிசோதனைச் சாலையில் வரைந்த கோட்டைப் பார்த்து விறைப்பையும் தணிப்பையும் திருத்து, மறுபடி கணக்கிடு, விடை மாறாத வரையில் இதைத் திரும்பச் செய். பூகம்பம் முழுவதற்கும் சராசரியாக ஒரே விறைப்பு என்று வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைக் கண்டிப்பானவர்கள் ஏற்பதில்லை. அவர்கள் கணத்துக்குக் கணம் மண்ணின் விறைப்பை மாற்றிக்கொண்டே போகும் கடினமான கணக்கை விரும்புவார்கள். ஆனாலும் அதிர்ச்சி மிதமாக இருக்கையில் சமரசக் கணக்கு ஏமாற்றுவதில்லை.

மண் துவண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு மகத்தான உதாரணம் உண்டு. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பூகம்பத்தைத் தமிழர் அறிந்திருப்பது வேறொரு சம்பவத்தால்: ஹரிஜன யாத்திரையாக நம் ஜில்லாக்களில் சுற்றிக்கொண்டிருந்த காந்தியடிகள், அம்மாதம் திருநெல்வேலியில் பேசுகையில், அது தீண்டாமைப் பாவத்துக்கு ஈசுவரன் அளித்த தண்டனை என்றார், ரவீந்திரநாத தாகூர் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதம் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. அதே சமயம் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையினர் ஊர் ஊராய் அலைந்து சேகரித்து 1939-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர் சிலரே. கங்கைக்கு வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை நிலம் இளகி, மணலும் தண்ணீரும் பீறிட்டு, வீடுகள் புதைந்தும் சாய்ந்தும் போயின என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் அந்தப் பட்டைக்குள் கட்டிடங்கள் குலுக்கலால் நொறுங்கியது குறைவு என்பதையும் குறித்துவைத்தார்கள். இளகிப்போன மண்ணால் விரைந்த ஆட்டத்தை மேலே கடத்த முடியவில்லை; வீட்டைத் தாழ்த்தியதே தவிர உடைக்கவில்லை. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரத்தைப் பூகம்பம் தாக்கியபோது, அங்கே கடலைத் தூர்த்து உண்டாக்கிய போர்ட் தீவில், 83 மீட்டர் ஆழத்திலும் நிலத்தின் முகத்திலும் பொருத்தியிருந்த கருவிகள் இதையே எண்களால் நிரூபித்தன: ஆழத்தில் இருந்த பக்கவாட்டு அதிர்ச்சியில் ஏறக்குறையப் பாதியே மேலே வந்து சேர்ந்தது. மெத்தென்ற மண் எப்போதும் அதிர்வைப் பெருக்கும் என்று பத்திரிகைகளில் எழுதுவது ஆகவே முழு உண்மையாகாது.

இதுவரை சொன்னவை நாற்பது, எண்பது மீட்டர் விவகாரங்கள். கட்டிட விதிகளும் பெரும்பாலும் மேலிருந்து 30 மீட்டர் வரையிலேயே மண்ணைப் பரீட்சிக்கின்றன. அது ஒரு நாளில் துளையிட்டு முடிக்கத்தக்க ஆழம் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி நதியின் கரையிலுள்ள மெம்பிஸ் நகரத்தின் அடியில், பாறையைத் தொட வேண்டுமானால் ஏறக்குறைய 1,000 மீட்டர் மணலையும் களியையும் சரளையையும் துளைக்க வேண்டும். அதற்குச் சற்று வடக்கே, நியூ மாட்ரிட் என்னும் சிற்றூரை ஒட்டி, 1811 டிசம்பர் 16-ஆம் தேதியும், 1812 ஜனவரி 23, பிப்ரவரி 7 ஆகிய தேதிகளிலும் மூன்று பெரும் பூகம்பங்கள் நிகழ்ந்தன. நதி சிறிது நேரம் பின்னோக்கி ஓடியதாகச் சாட்சியங்கள் கூறுகின்றன. டென்னஸியில் ரீல்புட் ஏரி அப்போது உண்டானது. அன்று அந்தப் பிரதேசத்தில் குடியானவர் சிலரே. இன்று மெம்பிஸ் பெரிய நகரம். 1811-இல் அங்கே பூகம்பத்தைப் பதிவு செய்யும் கருவி எதுவும் கிடையாது. அதற்குப் பின் அவ்வளவு பெரிய பூகம்பம் அங்கே வரவும் இல்லை. ஆகையால் ஆயிரம் மீட்டர் மண் பேரதிர்ச்சியின்போது என்ன செய்யும் என்பதை அறியக் கணக்கைத் தவிர வேறு வழி இல்லை.

பழைய கணக்கை அப்படியே நீட்டினால் போதாதா? அப்படிச் செய்தவர்களுக்குக் கிடைத்த விடை மனத்துக்கு இதமானது: ஆயிரம் மீட்டர் மண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக அலையின் சக்தியை விழுங்கி, விரைந்த ஆட்டங்கள் எல்லாம் மேலே வருமுன் அடங்கிவிடும் என்று அது சொல்லிற்று. இதமான விடைகளைச் சந்தேகிப்பது நல்லது. மண் துவளும் விதத்தைக் காட்டும் கோடுகள் யாவும் மேற்பரப்புக்கு அருகிலுள்ள மண்ணைப் பரிசோதித்து வரைந்தவை. ஆழத்து மண்ணை அவை அறியமாட்டா. மரக்காலில் தளர்வாகக் கொட்டிய அரிசியில் விரலை விட்டால் வழிவிடுகிறது. அதே அரிசி கிடங்கில் இருபது மூட்டைகளுக்கு அடியில் அழுந்திய மூட்டைக்குள் இருந்தால் குத்தூசியே ஏறத் தயங்குகிறது. மணலுக்கு மணல் உராய்ந்து நிற்கும் பலம் மேலிருந்து அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. 500 மீட்டர் ஆழத்து மணல், மேலேயுள்ள மணலின் அண்ணன் தம்பியாயினும், குணத்தில் பாறையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. அது எளிதில் துவளாது. துவளாததால் அலையின் சக்தியை அதிகம் விழுங்காது. இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த யூசுப் ஹஷாஷ், டூஹீ பார்க் ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆழத்தின் அழுத்தத்துக்கேற்பத் துவளும் இயல்பையும் தணிப்பையும் மாற்றிக்கொண்டே போகும் கணக்கைச் செய்து காட்டினார்கள். முன்பு அடங்கிவிடும் என்று நினைத்த விரைந்த ஆட்டங்களில் கணிசமான பங்கு பிழைத்து மேலே வந்தது. நீண்ட ஆட்டங்களும் ஓங்கின; ஆயிரம் மீட்டர் மண்ணில் அலையின் சராசரி வேகம் நொடிக்கு 800 மீட்டர் என்று கொண்டால், நம் பழைய நான்கு மடங்குக் கணக்கின்படி அந்த நிலத்தின் சொந்தச் சுருதி ஐந்து நொடி; நெடும் பாலங்களுக்கும் உயர்ந்த கோபுரங்களுக்கும் இசைவான சுருதி அது.

இந்த இடத்தில் மற்றொரு பிழையையும் சொல்லவேண்டும், ஏனெனில் இந்தப் பிழை மண்ணில் இல்லை, கணக்கன் கையில் இருந்தது. மெல்லிய அசைவிலும் மண்ணுக்குச் சிறிதளவு தணிப்பு உண்டு. அதைக் கணக்கில் சேர்க்க, ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் பழைய சூத்திரம் ஒன்றைக் கையாள்வது வழக்கம். அந்தச் சூத்திரம் நாம் குறிப்பிடும் இரண்டு அதிர்வெண்களில் மட்டுமே சரியான தணிப்பைத் தரும்; அவற்றுக்கு மேலே போகப் போக வேண்டாத தணிப்பைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஆழமற்ற மண்ணில் இது பெரிய தீங்கில்லை. ஆழமான மண்ணுக்கோ சுருதியே ஐந்து நொடிக்கு ஓர் ஆட்டம். நொடிக்குப் பத்து ஆட்டம் ஆடும் அலை அதற்கு எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது. ஆகையால் இயற்கையில் இல்லாத தணிப்பு ஒன்று கணக்கில் மட்டும் பிறந்து, விரைந்த ஆட்டங்களைத் தின்றுவிடுகிறது. ஹஷாஷும் பார்க்கும் அடுத்த ஆண்டே இதற்கும் பரிகாரம் தேடினார்கள். அவர்களுடைய குழுவில் வளர்ந்த ‘டீப்சாயில்’ என்னும் நிரல் இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. அடுக்குகளை அளவுக்குமேல் தடிமனாக வகுத்தாலும் இதே விபத்து நேரும்: நொடிக்கு 200 மீட்டர் வேகமுள்ள மண்ணில் நொடிக்கு 25 ஆட்டம் வரை காண விரும்பினால் அடுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகலாகாது. கம்ப்யூட்டர் தந்த கோடு அழகாக இருக்கிறதே என்று மயங்குகிற இளம் பொறியாளர்கள், இல்லாமற்போன ஆட்டத்தை மண் தின்றதா சூத்திரம் தின்றதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.

ஆழமான மண்ணை நிஜமாகவே பூகம்பம் பரீட்சித்த இடம் காத்மாண்டு. மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் தம் வாளால் சோபார் மலையைப் பிளந்து ஏரியை வடித்து அந்தப் பள்ளத்தாக்கை மனிதர் வாழத் தந்தார் என்பது நேபாளத்துப் புராணம். வாளைப் பற்றி விஞ்ஞானிகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஏரி இருந்தது மெய் என்பார்கள். அந்த ஏரியில் படிந்த, காலிமாட்டி எனப்படும் கருங்களிமண்ணும் பிற படிவுகளும் சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் ஆழமானவை. 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி 7.8 அளவுள்ள பூகம்பம் வந்தபோது, பள்ளத்தாக்கு நான்கு ஐந்து நொடிக்கு ஒருமுறை, தொட்டில்போல நீளமாக ஆடிற்று. தேசம் முழுவதும் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள்; காத்மாண்டுவின் தராஹரா கோபுரம், 1934-இல் முறிந்ததுபோலவே மீண்டும் முறிந்தது. ஆயினும் நிபுணர்கள் நெடுங்காலமாக அஞ்சியிருந்தபடி நகரத்தின் இரண்டு மூன்று மாடி வீடுகள் கூட்டம் கூட்டமாக விழவில்லை. பாறை பிளந்த விதமே நீண்ட ஆட்டத்தை அனுப்பிற்று, ஆழமான படுகை அதை மேலும் வளர்த்தது, குட்டை வீடுகளுக்கு வேண்டாத சுருதி அது; இம்மூன்றும் சேர்ந்த அதிர்ஷ்டம். வேறு விதமாகப் பிளக்கும் பூகம்பத்தில் இந்த அதிர்ஷ்டம் மறுபடி வாய்க்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தூண் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. படுகையின் விளிம்பில் பாறைச்சுவரில் மோதிய அலை பக்கவாட்டிலும் புகுந்து, கீழிருந்து வரும் அலையோடு கூடும். கோபேயில் சேதம் ஒரு குறுகிய பட்டையாக நகரத்தின் குறுக்கே ஓடியதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். தூண் அதை அறியாது. பள்ளத்தாக்கு முழுவதையும் முப்பரிமாணத்தில் கணக்கிட வேண்டும். கங்கைச் சமவெளியில் இமயத்தின் அடிவாரத்தை ஒட்டி வண்டல் பல கிலோமீட்டர் ஆழம் போகிறது. அதன்மேல் வாழ்வோர் எத்தனை கோடி என்பதை நினைத்தால், அந்தக் கணக்கை முடிக்க நம்மவர் காட்டும் நிதானம் எனக்குப் பிடிபடவில்லை.

மெக்ஸிகோ நகரத்துக்குத் திரும்புவோம். 1985-இன் நினைவாக ஆண்டுதோறும் செப்டம்பர் 19-ஆம் தேதி அங்கே ஒத்திகை நடக்கும். 2017-இல் அந்த நாளில் காலை ஒத்திகை முடிந்து, ஜனங்கள் அலுவலகங்களுக்குத் திரும்பிய சில மணி நேரத்தில், மதியம் ஒன்றேகால் மணியளவில், 7.1 அளவுள்ள பூகம்பம் மெய்யாகவே வந்தது. இம்முறை அது நகரத்துக்கு அருகில் பிறந்தது, ஆட்டங்கள் விரைந்தவை. இரண்டு நொடிச் சுருதியுள்ள நடு ஏரிப்படுகை ஓரளவு தப்பிற்று. களிமண் மெலிந்து சுருதி ஒரு நொடியை ஒட்டியிருந்த விளிம்புப் பகுதிகளில் நான்கு முதல் ஏழு மாடி வரை உள்ள வீடுகள் விழுந்தன. சுருதிப் படம் ஒன்று அந்நகரத்தாரிடம் இருக்கிறது. எந்தத் தெருவின் அடியில் எத்தனை நொடி என்று அதில் வரைந்திருக்கிறார்கள். ஆனால் நகரத்தின் தாகத்துக்காக நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, களிமண் ஆண்டுதோறும் அழுந்தி இறுகி வருகிறது. இறுக இறுக அலை விரைந்து ஓடுகிறது, ஆட்டத்தின் காலம் குறுகுகிறது. இரண்டு நொடி என்று குறித்த இடங்களை அவர்கள் மறுபடி அளந்து, படத்தை அவ்வப்போது திருத்தி வரைந்துகொண்டிருக்கிறார்கள்.